எம் 3 திருகாணியின் அடியில்

வாளையாறு தாண்டி கஞ்சிக்கோடு வரும்போதே காற்று மாறிவிடும். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே அடிக்கிற காற்றில் நல்ல ஈரம். ஊருக்குச் சுகம், எங்கள் வேலைக்குப் பகை. வெற்றிடக் கலனைத் திறந்ததும் உட்சுவரில் நீராவி ஒட்டிக்கொள்ளும். அப்புறம் அதை விரட்ட, அலுமினியத் தாள் சுற்றி, 200 டிகிரியில் நாள்கணக்கில் சுட வேண்டும்.

நாங்கள் செய்வது, அயனிகளை (மின்னேற்றம் பெற்ற அணுக்களை) மின்புலத்தால் பிடித்து வைக்கும் அயனிப் பொறி வகைக் குவாண்டம் கணினிக்கான வெற்றிடக் கலன். முன்பு கால்பந்து அளவு. இப்போது உள்ளங்கைக்குள் அடங்க வேண்டுமாம். உள்ளே இட்டர்பியம் என்ற உலோகத்தின் அயனிகள் சில மைக்ரான் இடைவெளியில் வரிசையாக மிதக்கும். வழிதவறிய ஒரு வாயு மூலக்கூறு மோதினாலே வரிசை குலையலாம். அதனால் அழுத்தம் 10⁻¹¹ டாருக்கு (டார் என்பது அழுத்த அலகு) இறங்க வேண்டும்: வெளிக்காற்றில் சுமார் 76 லட்சம் கோடியில் ஒரு பங்கு.

சின்னதென்றால் சுலபம் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் கொள்ளளவு குறைகிற வேகத்தில் சுவர்ப்பரப்பு குறைவதில்லை. வாயு கிளம்புவதோ சுவரிலிருந்து. பெரிய பம்புக்கும் இடமில்லை. உள்ளே வைக்கிற கெட்டர், அதாவது வாயுவை உறிஞ்சும் உலோகம், ஹைட்ரஜனை விழுங்கும், ஆர்கானைத் தொடாது.

அந்த ஆர்கான்தான் என்னை ஏமாற்றியது. ஒரு கலன் 10⁻⁹ டாரிலேயே நின்றுவிட்டது. உள்ளிருக்கும் வாயுக்களை நிறை எண்ணால் பிரித்துக் காட்டும் வாயு பகுப்பானில், ஆர்கானுக்குரிய 40ஆம் எண்ணில் உயர்ந்த முனை. ஆர்கான் என்றால் காற்று, காற்று என்றால் வெளிக்கசிவு என்று முடிவு கட்டினேன். இணைப்பு இணைப்பாக வெளியிலிருந்து ஹீலியம் பீய்ச்சினேன்; ஓட்டை இருந்தால் அது உள்ளே போய்க் கசிவுமானியில் தெரியும். கசிவுமானி அசையவில்லை. இணைப்பை அடைக்கும் செம்பு வளையத்தை இரண்டு முறை மாற்றினேன். ஒவ்வொரு முறையும் திரும்பச் சுடணும். மூன்று வாரம் போயிற்று.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து வரும் எங்கள் லேத் அண்ணன் வரைபடத்தைப் பார்த்துக் கேட்டார்: "ஏனுங் தம்பி, இந்தத் திருகாணிக்கு அடியில காத்து வெளிய போக வழி இருக்குதுங்களா?"

இல்லை. பொறியைப் பிடித்திருந்த எம் 3 (3 மில்லிமீட்டர்) திருகாணிகள் அடிமூடிய குழியில் முறுக்கியவை. அடியில் சிக்கிய காற்று மரை வழியே நூல் நூலாகக் கசிந்துகொண்டிருந்தது. கணக்குப் போட்டேன். ஒரு கன மில்லிமீட்டர் காற்றில் இருப்பது, நாங்கள் எட்ட வேண்டிய அழுத்தத்தில் அந்த 50 மில்லி கலன் முழுவதும் இருக்கும் வாயுவைப்போல் நூறு கோடி மடங்குக்கும் மேல். காற்று உள்ளேயே ஒளிந்திருக்க, வெளியே பீய்ச்சிய ஹீலியத்துக்கு அது எப்படித் தெரியும்?

அண்ணன் ஒவ்வொரு திருகாணியையும் லேத்தில் பிடித்து நடுவே துளையிட்டார். இரண்டு டிரில் பிட் உடைந்தது. கழுவி, மாட்டி, மறுபடி சுட்டோம். 40இன் முனை தணிந்தது.

வரைபடத்தின் அடுத்த பதிப்பில் அந்தத் துளை ஏறிவிட்டது. திருத்தியவர் என்ற கட்டத்தில் என் கையெழுத்துதான் இருக்கிறது. அண்ணனுக்கு அந்தத் தாளில் கட்டமே இல்லை.