லிட்டருக்கு 6 காசு

திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் ஒன்பது ஆண்டுகள் கணக்கு எழுதினேன். பனியன் கம்பெனிக்காரர்கள் துணியைக் கொண்டுவந்து இறக்குவார்கள். சாயமேற்றித் திருப்பிக் கொடுப்போம். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. அந்தக் கூலியைக் கணக்கிடும் காஸ்டிங் தாள் என் மேசையில்தான் பிறக்கும். சாயம், உப்பு, சோடா, விறகு, மின்சாரம், ஆள்கூலி, தண்ணீர் என்று வரிசையாகக் கட்டங்கள். தண்ணீர்க் கட்டம் உள்ளே வரும் தண்ணீருக்கு மட்டும். வெளியே போகும் தண்ணீருக்காகப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கட்டிய பணத்தை ‘இதர செலவு’ என்ற கடைசி வரியில், தேநீர்ச் செலவோடு சேர்த்து எழுதிவந்தேன்.

எங்கள் முதலாளியின் அப்பா, தொழிலில் அரசு அதிகம் தலையிடக் கூடாது என்று ராஜாஜி தொடங்கிய சுதந்திராக் கட்சிக்காரர். ராஜாஜி சாடிய ‘லைசென்ஸ், பர்மிட், கோட்டா’ ஆட்சி பற்றிய பேச்சு அந்த வீட்டில் சோற்றோடு ஊட்டப்பட்டிருக்க வேண்டும். “கண்ணு, திருப்பூரை எந்த சர்க்கார் கட்டியது? அவர்கள் ஒதுங்கி நின்றதால்தான் ஊர் வளர்ந்தது” என்பார் முதலாளி. அதில் பாதி உண்மை என்று எனக்கு அப்போதும் தோன்றியது, இப்போதும் தோன்றுகிறது. பட்டறை இயங்க மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தரும் இசைவாணையைப் புதுப்பிக்கும் கோப்பை எத்தனை முறை தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறேன்! ஒரு வரைபடத்தில் தொட்டியின் நீளம் அரை அடி மாறியிருக்கிறது என்று மூன்று மாதம் இழுத்தடித்தார்கள். அந்தத் தொட்டியிலிருந்து என்ன வெளியே போகிறது என்று அந்த மூன்று மாதத்தில் ஒருவரும் கேட்கவில்லை.

வெளியே போனது உப்பு. பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம், அதாவது நூலோடு வேதிமுறையில் பிணையும் சாயம், ஏற வேண்டுமென்றால் உப்பு வேண்டும். அது சாயத்தைத் துணிப் பக்கம் தள்ளிவிடும்; தான் ஒட்டாது. மூட்டை மூட்டையாகக் கொட்டிய உப்பு அத்தனையும் கழிவுநீரில் அப்படியே போய்விடும். அன்றைய சுத்திகரிப்பு நிறத்தை ஓரளவு எடுத்தது, உப்பைத் தொடவில்லை. தண்ணீர் பார்வைக்குத் தெளிந்திருந்தால் போதும் என்று எல்லோரும் நம்ப விரும்பினோம். கரைந்த உப்பின் அளவு லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி. எங்கள் கழிவு அதைப் பல மடங்கு தாண்டும் என்பது பட்டறையில் எல்லோருக்கும் தெரியும்.

என் தாய்மாமன் தோட்டம், திருப்பூர் வழியாக ஓடும் நொய்யல் ஆற்றின் கீழ்ப்பகுதியில், ஒரத்துப்பாளையம் அணைக்குப் பக்கத்தில் இருக்கிறது. பாசனத்துக்காக 1992-இல் கட்டி முடித்த அணை அது. சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவு தேங்கும் குட்டையாகி, தண்ணீர் தேக்க வேண்டாம் என்று விவசாயிகளே கேட்கும் நிலைக்கு வந்துவிட்டது. அணையில் தண்ணீர் வேண்டாம் என்று சொல்லும் விவசாயியை வேறெங்கே பார்க்க முடியும்? மாமன் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் சோப்புப் போட்டால் நுரை வராது. கையில் மெழுகுபோல் திரண்டு நிற்கும். ஒரு பொங்கலுக்குப் போயிருந்தபோது அத்தை அந்தக் கையை என்னிடம் நீட்டிக் காட்டினார். மாமன், “மாப்பிள்ளை, உங்கள் முதலாளிக்கு நான் மாசாமாசம் பணம் கொடுக்கிறேன், ரசீதுதான் வருவதில்லை” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அப்போதுதான் இரண்டு எண்கள் என் மேசைக்கு வந்தன. பவானிக்கு அருகே காவிரியிலிருந்து குழாய் போட்டு, தனியார் பங்களிப்போடு திருப்பூர் ஆலைகளுக்குத் தண்ணீர் விற்கும் திட்டம் தொடங்கியிருந்தது; விலை ஆயிரம் லிட்டருக்கு 45 ரூபாய், அதாவது லிட்டருக்கு நாலரைக் காசு. இன்னொரு எண்ணைத் தந்தது சென்னை உயர் நீதிமன்றம். நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் தொடுத்த வழக்கில், 2006 டிசம்பரில் வந்த உத்தரவுப்படி வெளியேற்றும் கழிவுநீருக்கு லிட்டருக்கு 6 காசு அபராதம். சில மாதங்களில் அது 8 காசு, பிறகு 10 காசு. என் தாளில் முதல்முறையாக வெளியே போகும் தண்ணீருக்குத் தனிக் கட்டம் போட்டேன். உள்ளே வருவதைவிட வெளியே போவதற்கு விலை அதிகம்.

முதலாளி பென்சிலால் கணக்குப் போட்டார். உப்பு நீக்கிச் சுத்தம் செய்ய ஆகும் செலவோடு ஒப்பிட்டால் 10 காசுகூட மலிவு. “அபராதத்தையே கட்டிவிடலாம்” என்றார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். விலையைக் குறைத்து வைத்தால் எந்த வியாபாரியும் அந்தச் சரக்கைத்தான் வாங்குவான்.

பொருளியலாளர் ரொனால்ட் கோஸ் 1960-இல் எழுதிய கட்டுரையைப் பிற்பாடுதான் படித்தேன். அதில் ஒருவரின் மாடுகள் அடுத்தவரின் வயலில் மேயும். உரிமை யாருக்கு என்று தெளிவாகிவிட்டால், பேரம் பேசச் செலவில்லை என்றால், இருவருமே ஒரு விலைக்கு ஒத்துப்போவார்கள் என்பது வாதம். தடையற்ற சந்தையை ஆதரிப்பவர்கள் இதை அடிக்கடி எடுத்துக்காட்டுவார்கள். இந்த வாதம் சாயப்பட்டறைக்காரருக்குச் சாதகமானது என்று அவர்கள் நினைப்பதுதான் எனக்கு விளங்கவில்லை. சொத்துரிமை புனிதம் என்றால் என் மாமனின் கிணறும் சொத்துதான். 700-க்கும் மேற்பட்ட பட்டறைகளோடு அவர் தனித்தனியே பேரம் பேச முடியாது. கோஸும் பேரத்துக்குச் செலவில்லை என்பது நடைமுறையில் இல்லாத கற்பனை என்றுதான் சொன்னார். அதனால் மாமனும் மற்றவர்களும் நீதிமன்றத்துக்குப் போனார்கள். ராஜாஜியே இருந்திருந்தாலும் அதைத் தவறென்று சொல்லியிருப்பாரா?

கழிவுநீர் வெளியேறுவதை நிறுத்த 2009-இல் உச்ச நீதிமன்றமும் கெடு வைத்தது. கெடு ஓடிற்று. 2011 ஜனவரி 28 அன்று, ஒரு சொட்டுக்கூட வெளியே விடாத நிலை வரும்வரை எல்லாப் பட்டறைகளையும் மூடும்படி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. மின் இணைப்பைத் துண்டித்தார்கள். துணி சாயத்துக்காக லூதியானாவுக்கும் ஆமதாபாத்துக்கும் லாரி ஏறியது. எங்கள் பட்டறையில் வேலை பார்த்த ஒடிசாப் பையன்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலடிக்குப் போன மாலையில், சம்பளப் பாக்கியை எண்ணிக் கொடுத்தவன் நான். உத்தரவு சரி என்று எண்ணியவனும் நான்தான். இரண்டும் ஒரே மனத்தில் இருந்தன.

மூடியிருந்த மாதங்களில் நடந்ததுதான் எனக்கு இன்னும் வியப்பு. கழிவுநீரை உப்பைப் பிரிக்கும் சவ்வு வழியாகச் செலுத்திச் சுத்தம் செய்தபின் மிஞ்சும் உப்புக் கரைசலைக் கொதிக்கவைத்து வற்றச்செய்வதற்குத்தான் பெரும் செலவு. அருள்புரத்துப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் வேறு வழியைச் சோதித்தார்கள்: அந்தக் கரைசலின் நிறத்தையும் கடினத்தன்மையையும் நீக்கி, அப்படியே மறுபடி சாயத்தொட்டிக்கு அனுப்புவது. உப்பு வாங்கும் செலவும் குறைந்தது, வற்றச்செய்யும் செலவும் குறைந்தது. இதைத்தான் சந்தையின் அறிவு என்கிறார்கள் என்றால், அந்த அறிவு இத்தனை ஆண்டுகள் எங்கள் பட்டறைக்குள்ளேயேதான் தூங்கியிருக்கிறது. எழுப்பியது நீதிமன்றம். மாநில அரசு கொடுத்த 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடனையும் இங்கே சொல்லியாக வேண்டும். முதலாளி அதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

விதி எழுதுகிறவர்கள் அளவை மட்டும் சொல்லி வழியை ஆலையிடம் விட வேண்டும் என்று முதலாளி வாதிட்டதை நான் ஏற்கிறேன். சூரத்தில் 2019-இல் புகைபோக்கித் துகள்களுக்கு அப்படித்தான் செய்தார்கள். மொத்த அளவுக்கு உச்சவரம்பு. அதற்குள் ஆலைகள் தங்களுக்குள் அனுமதிகளை வாங்கலாம், விற்கலாம். மாசு 20 முதல் 30 சதவீதம் குறைந்ததாக ஆய்வு சொன்னது. ஆனால் அங்கேயும் ஒவ்வொரு புகைபோக்கியிலும் அளவுமானி பொருத்திய பிறகுதான் சந்தை நடந்தது.

எங்கள் பட்டறை மறுபடி திறந்தபோது காஸ்டிங் தாளில் சுத்திகரிப்புக்கு நான்கு கட்டங்கள். கூலியை உயர்த்தினோம், பனியன் கம்பெனிக்காரர்கள் முனகிவிட்டுக் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் பழைய வாடிக்கையாளர்கள் இருவர் நழுவினார்கள். வேறொரு மாவட்டத்தில், ஆற்றோரமாக, இரவில் மட்டும் இயங்கும் பட்டறையில் பாதிக் கூலிக்குச் சாயம் போடுகிறார்களாம். முதலாளி என் எதிரில் உட்கார்ந்து மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினார். இடம் சொன்னார், லாரி வரும் நேரம் சொன்னார். ரிசீவரை வைத்துவிட்டு, “மூன்றாவது முறை சொல்கிறேன் கண்ணு. ஒரு அதிகாரிகூடப் போய்ப் பார்க்கவில்லை. எதற்குத்தான் இவர்களுக்குச் சம்பளம்?” என்றார்.