தனிமக் குறியீடுகள்: தமிழ்வழியில் படிப்பவர்கள் தடுக்கி விழும் இடங்கள்

தனிமங்கள் மொத்தம் 118. எல்லாவற்றையும் அணு எண் வரிசையில் ஒப்பித்துவிடலாம் என்று உட்காருபவர்கள் பெரும்பாலும் இருபதாவதான கால்சியத்தோடு நின்றுவிடுகிறார்கள். பள்ளி அளவுக்கு அத்தனையும் தேவையில்லை. முதல் இருபது, லத்தீன் பெயரிலிருந்து குறியீடு வந்த பதினொன்றில், சோடியமும் பொட்டாசியமும் போக மீதி ஒன்பது, 21 முதல் 30 வரை இரும்பும் செம்பும் போக எட்டு. ஆக 37. புரோமின், அயோடின், கிரிப்டான், செனான், பேரியம், ஸ்ட்ரான்சியம், பிளாட்டினம், யுரேனியம் சேர்த்தால் 45. இதை முதலில் கெட்டியாக்குங்கள்.

இங்கே குறியீடுகளைத் தமிழ் ஒலியில் எழுதியிருக்கிறது. நோட்டில் முதல் எழுத்தைப் பெரியதாகவும் அடுத்ததைச் சின்னதாகவும் போட்டுக்கொள்ளுங்கள்.

தமிழ்வழியில் படிப்பவருக்கு முக்கியச் சிக்கல் மனப்பாடம் அல்ல, எழுத்துதான். 'ச' என்று தொடங்கும் பெயருக்குப் பின்னால் நான்கு ஆங்கில எழுத்துகள் ஒளிந்திருக்கின்றன. சிலிக்கான், செலினியம் இரண்டும் எஸ், சீரியம், சீசியம் சி, செனான் எக்ஸ், சிர்க்கோனியம் இசட். 'கா'வும் அப்படித்தான்: கால்சியம் சிஏ, காட்மியம் சிடி, ஆனால் காலியம் ஜிஏ. இந்தக் காலியத்தில் இன்னொரு குழி உண்டு. பொட்டாசியத்தின் லத்தீன் பெயரையும் தமிழில் எழுதினால் 'காலியம்' என்றுதான் வரும். அதன் குறியீடு கே. போரானும் பாஸ்பரஸும் ஒற்றை எழுத்துக் குறியீடுகள், வாயால் சொன்னால் இரண்டும் 'பி'. போரானுடையது ஆங்கில வரிசையில் இரண்டாவது எழுத்து, பாஸ்பரஸுடையது பதினாறாவது. ஜெர்மானியத்தை ஜே போட்டுத் தொடங்குபவர்களும் இருக்கிறார்கள். அட்டவணையின் எந்தக் குறியீட்டிலும் ஜே கிடையாது.

அதனால் நோட்டில் மூன்று பத்தி போடுங்கள்: தமிழ்ப் பெயர், ஆங்கில எழுத்துக்கூட்டல், குறியீடு. நடுப்பத்தியை நேரவிரயம் என்று விட்டுவிட்டால் மேலே சொன்ன அத்தனையும் தேர்வில் வரும்.

எழுத்துக்கூட்டல் தெரிந்தால் இரண்டாவது எழுத்தும் பாதி தீர்ந்துவிடும். முதல் இரண்டு எழுத்தே குறியீடு என்று ஊகிப்பதுதான் பொதுவான தப்பு. மெக்னீசியம், மாங்கனீஸ் இரண்டும் ஆங்கிலத்தில் எம்ஏ என்றே தொடங்குகின்றன. பிரிப்பது மூன்றாவது எழுத்து. அதனால் முன்னது எம்ஜி, பின்னது எம்என். குளோரின், குரோமியம், துத்தநாகம், ஆர்செனிக், ருபீடியம், ஸ்ட்ரான்சியம் எல்லாமே முதலும் மூன்றும்தான். பிளாட்டினம் நான்காவதுக்குப் போகும், பல்லேடியம் ஆறாவதுக்கு. சீரான விதி எதுவும் கிடையாது. முன்னால் வந்தவர் பிடித்த இடம் போக மிச்சம் என்று வைத்துக்கொள்ளலாம்.

லத்தீன் பதினொன்றையும் பொருளோடு படித்தால் ஒட்டும். ஈயத்துக்குப் பிளம்பம்; ஈயக் குழாய் பதித்தவர்தான் பிளம்பர். வெள்ளிக்கு அர்ஜென்டம், அர்ஜென்டினா என்ற பெயர் அதிலிருந்து வந்தது. பாதரசத்தின் எச்ஜி, 'நீர்வெள்ளி' என்று பொருள்படும் ஹைட்ரார்ஜிரம். இரும்பு ஃபெர்ரம், செம்பு குப்ரம், தங்கம் ஆரம், ஆன்டிமனி ஸ்டிபியம், வெள்ளீயம் ஸ்டானம், சோடியம் நேட்ரியம், பொட்டாசியம் காலியம். டங்ஸ்டனின் டபிள்யூ மட்டும் வுல்ஃப்ரம் என்ற ஜெர்மன் வழிப் பெயர்; வசதிக்காக இந்தக் கூட்டத்தில் சேர்ப்பார்கள். வெள்ளீயத்தையும் ஈயத்தையும் குழப்பிக்கொள்ளாதவர் குறைவு. வெள்ளீயம் எஸ்என், ஈயம் பிபி. கந்தகமும் துத்தநாகமும் தமிழ்ப் பெயரில் வந்தாலும் இந்தப் பட்டியலில் இல்லை. அவற்றின் குறியீடு ஆங்கிலப் பெயரிலேயே இருக்கிறது.

பயிற்சி எப்போதும் பெயரிலிருந்து குறியீட்டுக்கு. குறியீட்டைப் பார்த்துப் பெயர் சொல்வது சுலபம், எல்லாம் தெரிந்த மாதிரி ஒரு மயக்கம் கொடுக்கும். ஒரு தடவைக்குப் பதினைந்து பெயர். கடைசிப் பத்தியை மறைத்து, பேனாவால் எழுதிப் பாருங்கள். வாய்ப்பாடமாகச் சொன்னால் பெரிய எழுத்து, சின்ன எழுத்துத் தப்பு வெளியே தெரியாது. தவறியவற்றை மட்டும் தனித்தாளுக்கு மாற்றி மறுநாள், மூன்றாம் நாள், ஒரு வாரம் கழித்து எழுதுங்கள்.

அந்தப் பெரிய, சின்ன எழுத்தை அலட்சியமாக நினைக்க வேண்டாம். பெரிய சி, சின்ன ஓ என்றால் கோபால்ட். இரண்டும் பெரியதானால் கார்பன் மோனாக்சைடு. பெரிய எச், சின்ன எஃப் ஹாஃப்னியம். இரண்டும் பெரியதானால் ஹைட்ரஜன் ஃபுளூரைடு. அவசரத்தில் குளோரினின் சின்ன எல்லை ஒரு நேர்கோடாக இழுத்தால் அது எண் ஒன்றாகத் தெரியும். கீழே சற்று வளைத்துவிடுங்கள்.

பழைய அட்டவணை வைத்துப் படிப்பவர்கள் கடைசி வரிசையைப் பாருங்கள். 113, 115, 117, 118 ஆகியவற்றுக்கு அதில் மூன்றெழுத்துத் தற்காலிகக் குறியீடு இருந்தால் அந்த அட்டவணையை மாற்றுங்கள். 2016 நவம்பரில் அவை நிஹோனியம், மாஸ்கோவியம், டென்னசின், ஓகனெசான் ஆகி, குறியீடுகளும் என்எச், எம்சி, டிஎஸ், ஓஜி என்று இரண்டெழுத்தாகிவிட்டன.