வலைக்கடைக் கணக்கு: பெப்ரவரி 2025

பெப்ரவரி 6, வியாழன்

வாடைக்காற்று அடங்கத் தொடங்கிவிட்டது. திருகோணமலையில் திருக்கடலூர்ப் பக்கம் படகுகளுக்கு வேலை நடக்கிறது. அக்காவின் வலைக்கடையில் காலையிலேயே ஆட்கள் நிற்கிறார்கள். கயிறும் மிதப்பும் ஈயக் குண்டும் பாதிக்கு மேல் கடனுக்குத்தான் போகின்றன. மீன் பட்டதும் கொடுப்பார்கள். அந்தக் கடன் கணக்கு முழுவதும் பல ஆண்டுகளுக்கு முன் யாரோ எழுதிக் கொடுத்த மென்பொருளில் இருக்கிறது. அதற்குப் பதிலாகப் புதிதொன்றைக் கடந்த மாதமே எழுதத் தொடங்கிவிட்டேன். திரைகள் தயார். நிரல் தொடங்கும் விதமும் முடியும் விதமும்தான் மிச்சம்.

பழையது எப்படித் திறக்கிறது என்று இன்று பக்கத்தில் இருந்து பார்த்தேன். அக்கா படவுருவை இருமுறை சொடுக்கினார். ஒன்றும் வரவில்லை. மறுபடி சொடுக்கினார். பிறகு வெள்ளையாக ஒரு சாளரம் வந்தது. அதன் தலைப்பில், நிரல் பதிலளிக்கவில்லை என்ற அறிவிப்பு. கடைசியில் ஒரே கணக்கு இரண்டு சாளரங்களில் திறந்து நின்றது.

"எப்போதும் இப்படித்தான் தம்பி, ஒன்றை மூடிவிடுவேன்" என்றார். எதை மூடுவது என்று அவர் ஏன் யோசிக்க வேண்டும்? கணக்குப் பார்ப்பவருக்கு இந்தச் சுமை வரவே கூடாது.

பெப்ரவரி 7, வெள்ளி

வெள்ளைச் சாளரத்தின் காரணம் எளிது. பைதன் மொழியில், சாளரங்களும் பொத்தான்களும் அமைக்க உதவும் கியூட் என்ற கருவித்தொகுப்பைக் கொண்டு எழுதும்போது, முதலில் முழு நிரலையும் நடத்தும் செயலிப் பொருளை உருவாக்குகிறோம். அதற்குப் பிறகுதான் எந்தச் சாளரமும். சாளரத்தைக் காட்டு என்று சொன்ன உடனே அதன் உள்ளே எல்லாம் வரையப்பட்டுவிடுவதில்லை. சொடுக்கு, தட்டச்சு, வரைதல் போன்றவற்றை ஒவ்வொன்றாகக் கவனிக்கும் நிகழ்வுச் சுழல் ஓடத் தொடங்கிய பிறகுதான் எழுத்தும் பொத்தான்களும் முறையாக வரும். அதற்கு முன்பாகவே முழுக் கணக்கையும் வாசிக்க உட்கார்ந்தால் திரை வெறுமையாகவே நிற்கும். ஐந்து விநாடி அசைவில்லை என்றால் விண்டோஸ் அதைத் தொங்கிப்போன நிரலாக எடுத்துக்கொள்கிறது.

ஆகவே சாளரம் முதலில், கணக்கு பிறகு. பூச்சிய நேரம் வைத்த ஒரு டைமர் போதும். சுழல் தொடங்கியதும் அது அடிக்கும், அப்போது இன்றைய பதிவுகளை மட்டும் எடுக்கிறேன். பழைய ஆண்டுகளைத் தனி இழை ஒன்று, அதாவது நிரலுக்குள் இணையாக ஓடும் இன்னொரு வேலை, பின்னால் வாசிக்கும். அந்த இழை திரையைத் தொடக் கூடாது. வாசித்ததைச் சமிக்ஞையாக அனுப்ப வேண்டும், திரையை மாற்றுவது முதன்மை இழையின் வேலை.

இரட்டைத் திறப்பைத் தடுக்க, நிரல் ஓடுகிறது என்று காட்டும் ஒரு பூட்டுக் கோப்பு வைத்தேன். இரண்டாவதாகத் திறக்கும் நிரல் பூட்டைக் கண்டால், ஏற்கெனவே இருக்கும் சாளரத்தை முன்னே கொண்டுவந்துவிட்டு விலகிவிடும்.

பெப்ரவரி 9, ஞாயிறு

முற்பகலில் இலங்கை முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதால் என்று அமைச்சர் சொன்னாராம்.

அக்கா கடை திறந்திருந்தார். பழைய மென்பொருள் மூடும்போது மட்டுமே வட்டில் எழுதுகிறது. காலையிலிருந்து பதிந்த அத்தனையும் போய்விட்டது. யூ.பி.எஸ். பற்றரி செத்து நெடுநாளாகிறது. மாலையில் மின்சாரம் திரும்பிய பின் பில் புத்தகத்தின் கார்பன் பிரதிகளை வைத்துக்கொண்டு அவர் ஒவ்வொன்றாகத் திரும்பப் பதிவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பில் போடாமல் வாய்ச்சொல்லில் போன கடன்களுக்கு அவர் நினைவுதான் சாட்சி.

பெப்ரவரி 10, திங்கள்

இன்றிலிருந்து பகுதி பகுதியாக முறை வைத்து ஒன்றரை மணி நேர மின்வெட்டு. நேற்றிலிருந்து ஒரே எண்ணந்தான் ஓடுகிறது: நம் ஊரில் எழுதும் மென்பொருளுக்கு மின்வெட்டும் சாதாரண முடிவுகளில் ஒன்று. மூலையில் உள்ள பெருக்கல் குறியை அழுத்தி மூடினால் நல்லது. மூடாமல் போனாலும் கணக்கு நிற்க வேண்டும்.

2003இல் ஜோர்ஜ் கண்டீயா, ஆர்மண்டோ பொக்ஸ் என்ற இரு கணினி ஆய்வாளர்கள் இதை ஒரு கொள்கையாகவே முன்வைத்தார்கள்: நிரலை நிறுத்த ஒரே வழி விழுவது, தொடங்க ஒரே வழி மீள்வது. கணக்கைப் பொறுத்தவரை அதை முழுமையாக ஏற்கிறேன். அக்காவைப் பொறுத்தவரை ஏற்க மாட்டேன். கடையைப் பூட்டும் ஒருவர், எல்லாம் பத்திரம் என்று கண்ணால் கண்டு மூட வேண்டும். சாளரத்தின் இடமும் அளவும், பார்த்துக்கொண்டிருந்த ஆளின் பக்கமும் மறுநாள் அப்படியே இருக்க வேண்டும்.

கணக்கை எஸ்கியூலைட் என்ற சிறு தரவுத்தளத்தில் வைக்கிறேன். அதில் ஒவ்வொரு வரியும் பதிந்தவுடன் உறுதிசெய்யப்படுகிறது. மாற்றங்களை முதலில் தனிப் பதிவுக் கோப்பில் எழுதும் முறையை எடுத்துக்கொண்டேன். இங்கே ஒரு தேர்வு கவனத்துக்குரியது. எழுதியது உண்மையிலேயே வட்டில் சேர்ந்ததா என்று காத்திருந்து உறுதிசெய்யும் ஒத்திசைவைச் சாதாரண நிலையில் விட்டால் வேகம் கூடும், தரவுத்தளமும் சிதையாது. ஆனால் மின்சாரம் போகும் தருணத்தில் கடைசியாக உறுதிசெய்த சில வரிகள் மறைந்துபோகலாம். அந்தச் சில வரிகள்தான் நமக்கு வேண்டியவை. முழு நிலையில் வைத்தேன். ஒரு கடையில் நிமிடத்துக்கு எத்தனை வரி பதிவார்கள்? தாமதம் யாருக்கும் தெரியாது.

தட்டச்சு செய்துகொண்டிருக்கும் பாதி வரிக்கும் ஓர் இடம் வைத்தேன்: கை சற்று ஓய்ந்ததும் வரைவு அட்டவணைக்குப் போகும்.

பெப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். கோயிலுக்குப் போய்விட்டு நேரே கடைக்கு வந்தேன். பழையது ஒருபுறம் இருக்க, கணக்கின் பிரதியொன்றுடன் புதியதை நிறுவினேன். மின்வெட்டு நேரம் தெரிந்திருந்தது பெரிய உதவி. "மூட வேண்டாம், பதிந்துகொண்டே இருங்கள்" என்றேன். அக்கா நைலோன் கயிறு, 2 கிலோ என்று அடித்து விலைக் கட்டத்துக்கு வந்தபோது திரை அணைந்தது.

மின்சாரம் வந்ததும் திறந்தோம். சாளரம் உடனே வந்தது. பூட்டுக் கோப்பு பழையது என்று கண்டு நிரலே அதை நீக்கிவிட்டது. அதில் எழுதியிருந்த செயல்முறை எண், அதாவது முன்பு ஓடிய நிரலுக்குக் கணினி கொடுத்த எண், இப்போது உயிரோடு இல்லை. மேலே முடிந்த வரிகள் அனைத்தும், கீழே மஞ்சள் நிறத்தில் நைலோன் கயிறு, 2 கிலோ. வெறுமையான விலைக் கட்டத்தில் குறி துடித்துக்கொண்டிருந்தது. அக்கா ஒன்றும் சொல்லாமல் விலையை அடித்துவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போனார். மனம் நிறைந்துவிட்டது.

பெப்ரவரி 15, சனி

"வெளியேற வேண்டுமா என்று இது ஏன் கேட்கிறது? மூடத்தானே அழுத்தினேன்" என்று அக்கா கேட்டார். நியாயம். எல்லாம் ஏற்கெனவே சேமிக்கப்பட்டிருக்கும்போது கேள்விக்கு வேலை இல்லை. எடுத்துவிட்டேன். பில் அச்சாகிக்கொண்டிருந்தால் மட்டும் கேட்கும். வாசிக்கும் இழை ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்தச் சொல்லி, அது முடியும்வரை காத்திருந்து, பிறகே சாளரம் போகும். ஓடும் இழையின் பொருளை அழித்தால் கியூட் நிரலையே கவிழ்த்துவிடும்.

சிலவேளை அவருடைய மகன் நிரலை மூடாமல் கணினியையே நிறுத்திவிடுவான். அப்போது விண்டோஸ் சாளரங்களை மூடச் செய்து, நிரலை அங்கேயே முடித்துவிடலாம். நிகழ்வுச் சுழலுக்குப் பின்னால் எழுதிய நிரல் வரிகள் ஓடும் என்ற உறுதி இல்லை. முடிவு வேலைகளை அங்கிருந்து எடுத்து, வெளியேறப் போகிறேன் என்று செயலி தரும் சமிக்ஞையோடு இணைத்தேன்.

இன்னொன்று பாக்கி. இரவில் கணக்குக் கோப்பைப் பென் டிரைவில் எடுத்துச் செல்வது இவர்கள் வழக்கம். நிரல் திறந்திருக்கும்போது முதன்மைக் கோப்பை மட்டும் பிரதி எடுத்தால், பதிவுக் கோப்பில் நிற்கும் புதிய வரிகள் விடுபட்டுப்போகும். ஒழுங்காக மூடினால் அவை முதன்மைக் கோப்பில் சேர்ந்துவிடும். இதை அக்கா நினைவில் வைக்கத் தேவையில்லை. டிரைவ் செருகியிருந்தால், மூடும்போது எஸ்கியூலைட்டின் சொந்தப் பிரதி வசதியைக் கொண்டு நிரலே எடுத்துக்கொடுக்கட்டும். நாளை அதை எழுதுகிறேன்.