கண்ணாடியில் ஒரு புள்ளி

ஜூன் 4
இன்றும் கடல்மூட்டம். காலை 11 வரை, லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்து டாரன்ஸ் விமான நிலையத்தில் ஓடுபாதையின் மறுமுனையே தெரியவில்லை. செக்ரைடு, அதாவது விமானி உரிமத்துக்கான பறக்கும் தேர்வு, மூன்றாவது தடவையாகத் தள்ளிப்போனது.

ஜூன் 6
கை இன்னும் நடுங்குகிறது. பாலோஸ் வெர்டெஸ் தாண்டிக் கடல்மேல் 2,500 அடி. அலைவரிசை மாற்றக் குனிந்தேன், எண் தப்பாகச் சுழன்றது, திரும்பச் சுழற்றினேன், அதற்குள் 100 அடி இறங்கியிருந்தது, அதைச் சரிசெய்துகொண்டிருந்தபோதே இன்ஸ்ட்ரக்டர் கட்டுப்பாட்டை வாங்கி வலப்பக்கம் சாய்த்துவிட்டார். இடதுபுறம் ஒரு வெள்ளை விமானம் கடந்தது. ஓட்டியவரின் தொப்பி தெரிந்தது.

குனிவதற்கு முன்பே அதை நான் பார்த்திருந்தேன். கண்ணாடியில் ஒட்டிய பூச்சி என்று நினைத்தேன்.

ஜூன் 7
அம்மா கூப்பிட்டாள். இங்கே இரவு ஒன்பதரை, மதுரையில் காலை பத்து. சாப்பிட்டேன் என்று சொன்னேன்.

ஜூன் 9
நகர்கிற புள்ளி பயமில்லை, அது தன் வழியில் போய்விடும். கண்ணாடியில் ஒரே இடத்தில் நிற்கிற புள்ளிதான் நம்மேல் வருகிறது. நின்ற இடத்திலேயே கொஞ்சம் கொஞ்சமாகப் பெருத்து, கடைசி சில வினாடிகளில் சட்டென்று விரியும். கண்ணில் பட்டு, அது என்னவென்று புரிந்து, கை அசைந்து, விமானம் திரும்ப 12.5 வினாடி என்று பாடத்தில் இருக்கிறது. அன்று நான் எத்தனை வினாடி குனிந்திருந்தேன்? டேப்லெட்டில் அந்த விமானம் வந்திருக்கும், அதையும்தான் நான் பார்க்கவில்லையே.

1986 ஆகஸ்ட் 31 அன்று செரிடோஸ் ஊரின் மேல் டிசி-9 ஜெட்டோடு மோதிய சின்ன பைப்பர் விமானம் இதே டாரன்ஸிலிருந்துதான் கிளம்பியது. தரையில் இருந்தவர்கள் 15 பேரையும் சேர்த்து 82 பேர் இறந்தார்கள். நல்ல வெளிச்சம் இருந்த பகல் நேரம் அது. தினமும் அதே ஓடுபாதையில் ஏறும்போது அந்த ஞாயிற்றுக்கிழமைதான் நினைவுக்கு வருகிறது.

ஜூன் 10
சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு குமிழ்களைத் தொடும் பயிற்சி. கை தானாகப் போக வேண்டும், தலை குனியக் கூடாது. ஒரு மணி நேரம்.

ஜூன் 11
லாஸ் ஏஞ்சல்ஸின் பெரிய விமான நிலையத்துக்கு மேலே உள்ள பாதையில் போய்வந்தோம். வடமேற்கே 4,500 அடி, திரும்பும்போது 3,500, வேகம் மணிக்கு 140 கடல்மைலுக்கு மேல் கூடாது. அங்கே கன்ட்ரோலர் நம்மோடு பேசமாட்டார், 128.55-இல் விமானிகள் தாங்களே இருக்கும் இடத்தைச் சொல்லிக்கொள்ள வேண்டும். இஞ்சின் போடுவதற்கு முன்பே அலைவரிசைகளை வைத்துவிட்டேன், ரேடாரில் நம்மைக் காட்டும் எண்ணை, 1201 என்று முழங்கால் அட்டையில் பெரிதாக எழுதிக்கொண்டேன், கண்ணாடியைத் துணியால் இரண்டு தடவை துடைத்தேன். ஒரு பூச்சித் தடம்கூட இல்லை. காலடியில் நான்கு ஓடுபாதைகள், வரிசையாக ஜெட்கள் இறங்கிக்கொண்டிருந்தன, நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். வானத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு வினாடி நின்று பார்த்தேன். எதிரே வந்த ஒருவரை இன்ஸ்ட்ரக்டருக்கு முன்னால் நான் சொன்னேன். சரி, பார்த்துவிட்டாய் என்றார்.

அப்புறம் இறங்கும்வரை அவர் எதுவும் பேசவில்லை.

ஜூன் 13
நாளை 10 மணிக்கு செக்ரைடு. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

ஜூன் 14
மணி 6. ஜன்னலுக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை.