நமக்கு வாய்த்த சங்கீதம்

கிறிஸ்தவப் பள்ளியில் படித்தவன் என்று சொன்னால், இங்கே சிங்கப்பூரில் எல்லாருக்கும் பைபிளின் சங்கீதப் பாடல்களில் 23-ஆம் சங்கீதம்தான் ஞாபகம் வருகிறது. "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்" யாருக்குத்தான் தெரியாது? ஆனால் கடலூரில் நம் பள்ளி விடுதிக்கு, அதாவது போர்டிங்குக்கு, வாய்த்தது 103-ஆம் சங்கீதம். உடன் இருந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை; தினமும் வீட்டிலிருந்து வந்துபோன நண்பர்களுக்காக எழுதுகிறேன்.

சனிக்கிழமை மாலை ஜெபத்தில் அதன் 22 வசனங்களையும் பார்க்காமல் சொல்ல வேண்டும். "அவர் செய்த சகல உபகாரங்களையும் மறவாதே" என்ற இடம் வந்ததும் வார்டன் ஐயா கையைத் தூக்குவார். அந்த வாரம் கிடைத்த ஒரு உபகாரத்தை ஆளாளுக்குச் சொல்ல வேண்டும். முன்னால் ஒருவன் சொன்னதைத் திரும்பச் சொல்லக் கூடாது. முதல் வரிசைக்காரர்கள் சுகம், பெலன், பெற்றோர் என்று நல்லதையெல்லாம் அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். கடைசி வரிசைக்கு என்ன மிஞ்சும்? "கணக்கு வாத்தியார் லீவு" என்றான் ஒருவன். "கெடிலம் ஆத்துல தண்ணி வந்துச்சு" என்றான் இன்னொருவன். பண்ருட்டிப் பக்கத்துப் பையன் ஒருவன், அம்மா கொடுத்தனுப்பிய பலாச்சுளையைச் சொன்னான். சிரிப்பு அடங்கவில்லை. ஐயா மட்டும் சிரிக்காமல் ஐந்தாம் வசனத்தைச் சொல்லச் சொன்னார்: "நன்மையினால் உன் வாயைத் திருப்தியாக்குகிறார்." அப்புறம் எதற்குச் சிரிப்பு என்று கேட்டார்.

வயதான பிறகு தனியாகப் படிக்கும்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். தாவீதின் பெயரில் உள்ள இந்தச் சங்கீதத்தில் ஒரு விண்ணப்பம்கூடக் கிடையாது. தன் ஆத்துமாவிடம் பேச ஆரம்பிக்கிறவர், போகப்போக தேவதூதர்களையும் படைப்பு முழுவதையும் துதிக்கக் கூப்பிடுகிறார். கடைசியில் மறுபடி தன் ஆத்துமாவிடமே வந்து நிற்கிறார். எதையும் கேட்கவில்லை. கேட்டுக் கேட்டே பழகிப்போன எனக்கு அப்படி ஜெபிப்பது இன்றும் கஷ்டம்தான்.

2011 டிசம்பர் 30 காலை, தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தபோது நான் விடுமுறையில் ஊரில் இருந்தேன். பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. சித்தப்பா தோப்பில் நின்ற மரங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பலா நட்ட மறுவருஷமே காய்க்கிற மரமா என்ன? மறுநாள் இரவு வருடக் கடைசி ஆராதனை. கரண்ட் இல்லை, மெழுகுவத்திதான். மற்ற வருஷங்களில் சாட்சி சொல்ல, அதாவது தேவன் தனக்குச் செய்த நன்மையைச் சபை முன்னால் சொல்ல, வருகிறவர்களுக்கு நேரம் போதாது; அன்று ஒருவரும் எழவில்லை. கடைசியில் ஒரு பாட்டி போதகரைப் பார்த்து, "ஐயரே, சொல்றதுக்கு ஒண்ணும் வரல. சங்கீதத்தையே படிச்சிடலாம்" என்றார். ஐயர் 103-ஐ எடுத்தார். எல்லாரும் சேர்ந்து படித்தோம். "காற்று அதின்மேல் வீசினவுடனே அது இல்லாமற்போயிற்று" என்ற 16-ஆம் வசனத்தில் பாதிப் பேருக்குக் குரல் எழும்பவில்லை. அடுத்த வசனம் பிள்ளைகளுடைய பிள்ளைகள்வரை நிற்கிற கிருபையைப் பற்றியது. அதைப் படிக்கும்போது சித்தப்பாவின் குரல் மட்டும் உரக்கக் கேட்டது.

சில சாட்சிகள் எனக்கு ஒத்துக்கொள்வதில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு, "எங்களைத் தொடாமல் காத்தார்" என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். சொல்கிறவர் மனசில் கள்ளம் இருக்காது, சரி. ஆனால் கடலூர் தேவனாம்பட்டினக் கடற்கரையில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் அதைக் கேட்டால்? 103 அப்படி நன்றி சொல்வதில்லை. ஒடுக்கப்படுகிற யாவருக்கும் கர்த்தர் நியாயம் செய்கிறார் என்கிறது ஆறாம் வசனம். "நாம் மண்ணென்று நினைவுகூருகிறார்" என்கிறது பதினாலாவது. பிழைத்தவன், போனவன் என்று அது ஆளைப் பிரிப்பதில்லை.

நம் பழைய மாணவர் சங்கத்தின் போன கூட்டத்தில் ஒருவர், "ஊரில் எத்தனையோ பேர் இருக்க, நம்மை மட்டும் இவ்வளவு உயர்த்தினாரே" என்று சாட்சி சொன்னபோது நான் முகம் சுளித்ததை நண்பர்கள் சிலர் பார்த்துவிட்டார்கள். ஏன் என்று கேட்டவர்களுக்கு அன்று சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. இதுதான் பதில்.