மலைச்சரிவில் எர்த் குழி மட்டும் காப்பாற்றாது

குன்னூர், கோத்தகிரி, வெலிங்டன் பக்கத்துப் பழைய வீடுகளுக்கு வயரிங் வேலைக்குப் போகும்போது வீட்டுக்காரர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "மொத்த வயரையும் மாற்றிவிடலாமா?" என்பதுதான். மாற்றத்தான் வேண்டும். ஆனால் அதற்கான பணமும், அறை அறையாக வீட்டை ஒழித்துக் கொடுக்கும் வசதியும் ஒன்றுசேரும்வரை பல குடும்பங்கள் ஒன்றுமே செய்யாமல் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கின்றன. அப்படிக் காத்திருக்கும் வீடுகளில் முதலில் எதைச் செய்ய வேண்டும் என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. அதைக் காரணத்தோடு சொல்லவே இதை எழுதுகிறேன்.

பைக்காரா மின் நிலையம் 1932 இல் இயங்கத் தொடங்கியது. அதையடுத்த சில பத்தாண்டுகளில் நீலகிரியில் வயரிங் செய்யப்பட்ட வீடுகள் சில பல்புகளுக்கும் ஒரு ரேடியோவுக்கும் தகுந்தவாறு அமைக்கப்பட்டவை. அறைக்குக் கணப்பும் குளியலுக்கு விறகு பாய்லரும் சூடு தந்தன. இன்று அந்த இரண்டு வேலைகளையும் மின்சாரம் செய்கிறது. 2,000 வாட் கீசர் ஏறக்குறைய 8.7 ஆம்பியர் இழுக்கும். அதே திறனுள்ள ரூம் ஹீட்டர் ஒன்று சேர்ந்தால் 17 ஆம்பியரைத் தாண்டும். தேக்குச் சட்டத்தில் கிளிப் அடித்து ஓட்டிய பழைய 3/22 கம்பி (22 கேஜ் இழைகள் மூன்று சேர்ந்தது) ஏறத்தாழ 1.2 சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்பு மட்டுமே கொண்டது. மின்னோட்டம் இரு மடங்கானால் கம்பியில் எழும் வெப்பம் நான்கு மடங்காகும் என்பதையும், அந்தக் கம்பி காய்ந்த மரக் கூரையின் அடியில் ஓடுகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். "தம்பி, இது என் மாமனார் காலத்து வயரிங், இதுவரைக்கும் ஒன்றும் ஆகவில்லையே" என்று ஒரு பாட்டியம்மா என்னிடம் சொன்னார். அவர் சொன்னது உண்மை. அவருடைய மாமனார் அந்தக் கம்பியில் கீசரை மாட்டவில்லை என்பதும் உண்மை.

இருந்தாலும் நான் முதலில் பார்ப்பது கம்பியை அல்ல, கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் கொண்டுபோகும் எர்த்தைத்தான். கம்பத்திலிருந்து வீட்டுக்கு வருவது பெரும்பாலும் மின்சாரம் கொண்டுவரும் பேஸும் அது திரும்பிப் போகும் நியூட்ரலும் மட்டுமே. எர்த்தை வீட்டுக்காரர்தான் குழி வெட்டி அமைத்துக்கொள்கிறார். சமவெளியின் ஈரமான களிமண்ணில் நன்றாக வேலை செய்யும் குழி, சில அடி ஆழத்திலேயே பாறை தட்டும் மலைச்சரிவில் அதே பலனைத் தருவதில்லை. மண்ணின் தடையைக் குறைக்கக் குழியில் கொட்டிய உப்பு சரிவில் ஓடும் மழைநீரோடு கரைந்து போகிறது. இரும்புக் குழாய் துருப்பிடிக்கிறது. அந்த எர்த்தின் தடை 20 ஓம் என்று வைத்துக்கொள்வோம். கீசரின் உள்ளே காயில் பழுதாகி மின்சாரம் அதன் உடலுக்கு வந்துவிட்டால், 230 வோல்ட்டை 20 ஓமால் வகுக்க, எர்த் வழியாக மண்ணுக்குள் ஓடுவது 11.5 ஆம்பியர்தான். 15 ஆம்பியர் பியூஸ் அதற்கு எரியாது. மீட்டர் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். கீசரின் உடல், அதோடு இணைந்த இரும்புக் குழாய், அதே எர்த் கம்பியில் சேர்ந்திருக்கும் பிரிட்ஜ் என எல்லாமே ஏறக்குறைய முழு மின்னழுத்தத்தில் நிற்கும். ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று குழாயைத் திறப்பவருக்கு இது தெரிய வழியே இல்லை. காரணமில்லாமல் மின் கட்டணம் திடீரென்று கூடினால் இந்தக் கசிவையும் சந்தேகிக்க வேண்டும்.

பியூஸை எடுத்துவிட்டு, மின்னோட்டம் அளவு மீறினால் தானாக விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் எம்.சி.பி. போட்டால் போதும் என்று நினைப்பவர்கள் பலர். வீடுகளில் பெரிதும் பயன்படும் சி வகை 16 ஆம்பியர் எம்.சி.பி. உடனடியாக விழுவதற்கு 80 முதல் 160 ஆம்பியர் வரை மின்னோட்டம் வேண்டும். அவ்வளவு மின்னோட்டம் எர்த் வழியாக உறுதியாக ஓட, அந்தப் பாதை முழுவதன் தடை ஒன்றரை ஓமுக்கும் கீழே இருக்க வேண்டும். பாறை மண்ணில் ஒற்றைக் குழாயைப் புதைத்து அதை அடைய முடியும் என்று எந்த வயர்மேனும் உறுதி சொல்ல முடியாது. எம்.சி.பி. கம்பியைக் காக்கும் கருவி. ஆளைக் காக்க ஆர்.சி.சி.பி. வேண்டும்.

பேஸில் போகும் மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்பும் மின்னோட்டமும் சமமாக இருக்கின்றனவா என்பதையே ஆர்.சி.சி.பி. கவனிக்கிறது. வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரை எட்டினால் நொடியில் மூன்றில் ஒரு பங்குக்குள் இணைப்பைத் துண்டிக்கும். எர்த்தின் தடை 100 ஓமாகவே இருந்தாலும் பழுதின்போது 2.3 ஆம்பியர் கசியும், ஆர்.சி.சி.பி. விழுவதற்கு அது தாராளம். யாரும் தொடுவதற்கு முன்பே, பழுது ஏற்பட்ட கணத்திலேயே மின்சாரம் நின்றுவிடும். ஆகவே கையில் கொஞ்சமே பணம் இருந்தால் அதை 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.க்குச் செலவிடுங்கள் என்பதே நான் எல்லோரிடமும் சொல்வது. அதிக லோடுக்கு அது விழாது; எனவே எம்.சி.பி.யும் கூடவே இருக்க வேண்டும். பேஸையும் நியூட்ரலையும் ஒருவர் ஒரே நேரத்தில் பிடித்தாலும் அது காப்பாற்றாது.

இதைப் பழைய வீட்டில் மாட்டியவுடன் அடிக்கடி விழும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அப்படி விழும்போது, கருவி சரியில்லை என்று அதைத் தாண்டி நேரடியாக இணைப்புக் கொடுத்துவிடும் வழக்கம் எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. பழுது உண்மையில் வயரிங்கில்தான் இருக்கும். பின்னாளில் கட்டிய அறைக்குப் பக்கத்திலிருந்த ஏதோ ஒரு நியூட்ரலை எடுத்திருப்பார்கள். சில இடங்களில் எர்த்தையே நியூட்ரலாகப் பயன்படுத்தியிருப்பார்கள். தென்மேற்குப் பருவமழையில் சாரல் அடிக்கும் பக்கத்துச் சுவரில் பதித்த சுவிட்ச் பெட்டிக்குள் நீர் கோத்து நிற்கும். நெடுநாள் பயன்படுத்தாத ஹீட்டர் காயிலும் ஈரம் ஏறியிருக்கும். ஒவ்வொரு சர்க்யூட்டாகக் கழற்றி கம்பி உறையின் தடையை அளக்கும் 500 வோல்ட் மெக்கரால் சோதித்தால் குற்றவாளி எது என்று தெரிந்துவிடும். 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டும் பகுதியை அப்படியே விடக்கூடாது. கீசருக்கும் ஹீட்டருக்கும் ஒன்று, மற்றவற்றுக்கு ஒன்று என இரண்டு ஆர்.சி.சி.பி. வைத்தால், குளியலறையில் பழுது வந்தாலும் வீடு இருளில் மூழ்காது.

மெயின் போர்டைத் திறக்கும்போது நியூட்ரலிலும் பீங்கான் பியூஸ் இருக்கிறதா என்று பாருங்கள். 1956 ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளே அதைத் தடை செய்துவிட்டன. ஆனாலும் அதற்கு முந்தைய போர்டுகள் இன்னும் சில வீடுகளில் இருக்கின்றன. நியூட்ரல் பியூஸ் மட்டும் எரிந்தால் விளக்கு அணைந்துவிடும், ஹோல்டரில் மின்சாரம் அப்படியே இருக்கும். கரண்ட் இல்லை என்று நம்பி அதில் கைவைப்பவரின் நிலையை நான் விளக்க வேண்டியதில்லை.

அடுத்த வேலை, கீசருக்கும் ஹீட்டருக்கும் மெயின் போர்டிலிருந்து தனித்தனியாக 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி இழுத்து 16 ஆம்பியர் சாக்கெட் பொருத்துவது. பெரிய லோடு நீங்கிவிட்டால், மீதியுள்ள பழைய கம்பி எல்.இ.டி. விளக்குகளை மட்டும் சுமந்தபடி முழு வயரிங் வரை காத்திருக்கலாம். ரப்பர் உறையும் துணிச் சுற்றும் கொண்ட கம்பியானால் அதுவரை காத்திருக்கவும் கூடாது. வளைத்தாலே உறை பொடியாக உதிரும்.

எர்த்தையும் மேம்படுத்தலாம். பாறையைக் குடைவதைவிட, மண் உள்ள இடத்தில் நீளமான பட்டையைக் கிடையாகப் புதைப்பதும், இடைவெளி விட்டு இரண்டு மூன்று குழாய்களை இறக்கி இணைப்பதும் நல்ல பலன் தரும். தடையைப் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மண் காய்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். ஜூலை மழையில் எடுத்த அளவு எல்லோரையும் ஏமாற்றும்.

காற்றுக் காலத்தில் கற்பூர மரம் லைனில் சாய்ந்து நியூட்ரல் அறுந்தால், வீட்டுக்குள் 400 வோல்ட் வரை வரக்கூடும். அதற்கு மின்னழுத்தம் கூடினால் துண்டிக்கும் கருவியும், கோடை இடியால் திடீரென்று எகிறும் மின்னழுத்தத்தைத் தடுக்க சர்ஜ் அரெஸ்டரும் தேவை. ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள், அதையும் வெளி லைனையும் ஒன்றோடொன்று சேரவிடாத சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் அதை ஓட்டவே கூடாது. உங்கள் வீட்டிலிருந்து பின்னோக்கிப் போகும் மின்சாரம், மழையில் நனைந்தபடி கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேனைத் தாக்கும்.

வேலை முடிந்ததும் எர்த் அளவையும் மெக்கர் அளவையும் தேதியோடு மெயின் போர்டுக் கதவின் உட்புறம் எழுதி வைக்கச் சொல்லுங்கள். ஆர்.சி.சி.பி.யில் உள்ள டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். அழுத்தியும் விழாவிட்டால் அன்றைக்கே மாற்ற வேண்டும், அதுவரை கீசரைப் போட வேண்டாம்.