கயிற்றில் தொங்கும் என் கிழமை

ஆனி மாதத்தில் இலங்கை மலையகத்துத் தலவாக்கலையில் சுவர்கூட ஈரமாகத்தான் இருக்கும். கொழும்பிலிருந்து சிநேகிதி ஆசையாக அனுப்பிய மஞ்சள் ஒட்டுத்தாள்களில் அந்தக் கிழமை வேலைகளை எல்லாம் எழுதி, மேசைக்கு எதிரே ஒட்டிவிட்டுப் படுத்தேன். விடிந்து பார்த்தால் பாதி சீமெந்துத் தரையில் கிடக்குது. ஒன்று தண்ணி வாளிக்குள் விழுந்து மை கரைந்துவிட்டது. அதில் என்ன எழுதியிருந்தேன் என்று இன்றுவரைக்கும் ஞாபகம் வரவில்லை. கண்ணில் படாத வேலை எனக்கு இல்லாத வேலைதான்.

நான் சிறுவர் புத்தகங்களுக்குப் படம் வரைகிறேன். முயலை வரைந்துகொண்டிருக்கும்போதே அது ஒளிந்திருக்கிற புதருக்கு ஒரு கதை வந்துவிடும். கொப்பியை எடுத்து அதைக் கிறுக்கத் தொடங்குவேன். அடுப்பில் தேத்தண்ணி வற்றிக் கருகும். இரண்டு தடவை சொன்ன நாளில் படங்களைக் கொடுக்க முடியாமல் போக, ஒரு பதிப்பகம் என்னைக் கூப்பிடுவதையே விட்டுவிட்டது. அன்றைக்கு ராத்திரி முழுக்க அழுதேன். போனில் நினைவூட்டலும் வைத்துப் பார்த்தாச்சு. சத்தம் வரும், விரலால் தள்ளிவிடுவேன், அதோடு அது போய்விடும்.

அப்புறம்தான் காம்பராவின் குறுக்கே இரண்டு ஆணி அடித்து நைலோன் கயிறு கட்டினேன். பிஸ்கட் பெட்டி அட்டையை உள்ளங்கை அளவில் வெட்டி, ஒரு வேலைக்கு ஒரு அட்டை என்று கிளிப் போட்டு மாட்டினேன். எழுத்தைவிடப் படம்தான் எனக்குச் சட்டென்று பிடிபடும்: முயல் புத்தகத்துக்கு இரண்டு காது, வரவேண்டிய காசுக்கு ஒரு வட்டம். இடப்பக்கம் வரப்போகிறது, நடுவில் கையில் இருக்கிறது, வலப்பக்கம் முடிந்தது. ஜப்பானில் டொயோட்டா தொழிற்சாலையில் தாயிச்சி ஓனோ என்பவர் இதே மாதிரி அட்டைகளை வைத்துத்தான் வேலையை ஓட்டினார் என்று பிறகு வாசித்தேன். அதற்குப் பேர் கன்பான். அமெரிக்க சூப்பர்மார்க்கெட்டுகளில் தட்டு காலியானதும் சாமான் நிரப்புகிற முறையிலிருந்து அவருக்கு வந்த யோசனையாம்.

முதல் கிழமையே நடுவில் 11 அட்டை சேர்ந்துவிட்டது. கயிறு தொய்ந்து தலையில் இடித்தது. வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த அம்மா எட்டிப் பார்த்தார். தேயிலைத் தோட்டத்தில் நிரை நிரையாக முப்பது வருசம் கொழுந்தெடுத்தவர்.

"இத்தன நிரையையும் நீ ஒருத்தியே புடிப்பியா புள்ள? கங்காணி ஆளுக்கு ஒரு நிரதான் குடுப்பாரு. அத முடிச்சாத்தான் அடுத்தது."

அன்றைக்கே நடுப்பகுதியில் மூன்று கிளிப்பை மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் கழற்றினேன். கிளிப் இல்லையென்றால் அட்டைக்கும் இடமில்லை. நெல்சன் கவன் என்ற உளவியலாளர் 2001இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில், மனிதர் ஒரே நேரத்தில் மனதில் பிடித்து வைத்திருக்கக்கூடியது சுமார் 4 விசயம்தான் என்கிறார். எனக்கு மூன்றே போதும்.

நேரமும் எனக்குக் கண்ணில் தெரிய வேண்டும். சுவர்மணிக்கூட்டின் கண்ணாடியில், வேலையை விட்டு எழும்ப வேண்டிய நேரம் வரைக்கும் சிவப்பு மார்க்கரால் தீட்டிவிடுவேன். பெரிய முள் சிவப்பைத் தாண்டிவிட்டால் பிரஷைக் கழுவ வேண்டியதுதான். உங்கள் வீட்டுப் பிள்ளை எதையும் மறந்துபோகுது என்றால் தயவுசெய்து சோம்பேறி என்று சொல்லாதீங்க. ஒரு கயிறு கட்டிக் கொடுத்துப் பாருங்க.

வருகிற யோசனைகளை நான் இப்போது விரட்டுவதில்லை. புதர்க் கதை தலைகாட்டியதும் ஒரு அட்டையில் நாலு இலை வரைந்து இடப்பக்கம் மாட்டிவிட்டு முயலுக்கே திரும்பினேன். இருக்கிற இடம் தெரிந்ததால் மனசு அதைத் தேடவில்லை. மூன்று கிழமையாக அங்கேயேதான் தொங்கியது.

நேற்று முயலின் கடைசிப் பக்கம் முடிந்தது. ஒரு சிறகு உடைந்த அந்த நீலக் கிளிப்பை அமுக்கி, காது அட்டையை எடுத்து வலப்பக்கம் மாட்டினேன். நடுவில் ஒரு கிளிப் காலி. இன்று காலை நாலு இலையும் அங்கே வந்தாச்சு.